ஊர்த்திடலும் காற்பந்துக் கழகமும்

உரைநடை

கற்றல் நோக்கங்கள்

• ஒரு பகுதியின் வரலாற்றை அதன் விளையாட்டின் வழியாக அறிதல்.
• பொதுஇடத்தின் பயனையும் அதனைக் காக்கும் கடமையையும் உணர்தல்.
• தகவல்களைக் காரண காரியத்தோடு தொகுத்து எழுதும் திறன் பெறுதல்.
• பேச்சுவழக்கில் உள்ள விளையாட்டுச் சொற்களுக்கு எழுத்துவழக்குச் சொற்களை அறிந்து பயன்படுத்துதல்.

நுழையும்முன்

பிழைப்புத் தேடிப் புதிய ஊருக்குக் குடிவந்தவர்க்கு அங்கே பாட்டன் தேடிவைத்த நிலம் இராது. வாடகை வீடு இருக்கும், வேலை இருக்கும், ஆனால் ‘இது எங்கள் மண்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு பிடி மண் இராது. அத்தகையோர் பலர், தாங்கள் வாழும் பகுதியின் பொதுத்திடலில் அந்த மண்ணைக் கண்டுகொண்டனர். பெங்களூருவின் கிழக்குப் பகுதியில் வேரூன்றிய காற்பந்தாட்டத்தின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

பாசறையைச் சூழ்ந்த ஊர்கள்

பெங்களூரு மாநகரில் அலசூர் ஏரிக்கு அருகே அமைந்துள்ள பழைய குடியிருப்புகளுள் ஒன்று ஜோகுபாளையம். கௌதமபுரம், மர்பி டவுன் ஆகியவை அதன் அண்டைப் பகுதிகள். இன்று இவை அடுக்குமாடிக் கட்டடங்களும் மெட்ரோ இரயில் பாதையும் சூழ்ந்த நகர்ப்பகுதிகள். எனினும், குறுகிய தெருக்களும், தெருமுனைக் கோவில்களும், ஒருவரையொருவர் பெயர்சொல்லி அழைக்கும் பழக்கமும் இவற்றில் ஊரின் சாயலை இன்னும் காத்து வருகின்றன.

1809-ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலேயர் இப்பகுதியில் தம் படைகளை நிறுத்திப் பாசறை நகரை அமைத்தனர். அதனைக் ‘கண்டோன்மென்ட்’ என்பர். படைக்கு வேண்டிய பணிகளைச் செய்யச் சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் பலர் வந்து குடியேறினர். சிப்பாய்கள், கொத்தனார்கள், தச்சர்கள், சமையல்காரர்கள், குதிரை பேணுவோர், துப்புரவுப் பணியாளர்கள் எனப் பல தொழிலினரும் அவர்களுள் இருந்தனர். அலசூர் ஏரிக்கரையில் நிலைகொண்ட மதராஸ் பொறியியற் படைப்பிரிவின் வீரர்களுக்குத் ‘தம்பி’ என்னும் செல்லப்பெயர் இன்றளவும் வழங்குகிறது. அப்பெயரே இப்பகுதியில் தமிழ் எவ்வளவு ஆழமாகக் கலந்துள்ளது என்பதைக் காட்டும்.

படைவீரர்கள் மாலை வேளைகளில் அணிவகுப்புத் திடல்களில் காற்பந்து ஆடினர். ஓரத்தில் நின்று பார்த்த உள்ளூர் இளைஞர்கள், பிறகு தாங்களும் ஆடத் தொடங்கினர். கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும்; காலுக்குக் கவசம் வேண்டும்; கையுறை வேண்டும். காற்பந்துக்கோ ஒரு பந்து போதும். அந்த ஒரு பந்தில் 22 பேர் ஆடலாம். கூலி வேலை செய்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் இவ்வாட்டம் விரைந்து பரவியதற்கு இந்த எளிமையே முதற்காரணம்.

வெறுங்காலும் தோல்பந்தும்

அன்றைய இளைஞர்களிடம் காலணி இல்லை. செம்மண் திடலில் வெறுங்காலுடனேயே அவர்கள் ஆடினர். கல்லும் மேடுபள்ளமும் நிறைந்த சிறிய இடத்தில், பந்தைக் காலோடு ஒட்டிவைத்துக்கொண்டு, சட்டெனத் திசைமாற்றிச் செல்லும் நுட்பம் அவர்களுக்குக் கைவந்தது. நெடுந்தொலைவுக்குப் பந்தை உதைத்துவிட்டு ஓடுவதற்கு அங்கே இடம் இல்லை. ஆகவே, இடமின்மையே அவர்களுடைய ஆட்டத்தின் தனித்தன்மையை வடிவமைத்தது எனலாம்.

அத்திறனை நாடு விரைவிலேயே கண்டுகொண்டது. பம்பாயில் 1891-இல் தொடங்கப்பட்ட ரோவர்ஸ் கோப்பையை நெடுங்காலமாக ஆங்கிலேயப் படைப்பிரிவுகளே வென்று வந்தன. 1937-இல் பெங்களூரு முஸ்லிம்ஸ் என்னும் கழகம் அக்கோப்பையை வென்று, படைசாராத முதல் இந்திய அணி என்னும் பெருமையைப் பெற்றது. மறு ஆண்டும் அக்கோப்பை பெங்களூருவுக்கே வந்தது.

நாடு விடுதலை பெற்ற பின்னர், 1948-இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் இந்திய அணி பிரான்சை எதிர்கொண்டது. நம் வீரர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். இரண்டு தண்ட உதைகளை வீணாக்கிய இந்தியா, 1–2 என்னும் கணக்கில் தோற்றது. ஆயினும் அந்த ஒரு கோல் வரலாற்றில் நிலைத்தது. விடுதலை பெற்ற இந்தியாவுக்காக ஒலிம்பிக்கில் அடிக்கப்பட்ட முதல் கோல் அதுவே. அதனை அடித்தவர் மைசூர் மாநில அணியின் சாரங்கபாணி இராமன்.

அதே அணியில் ஆடிய அகமது கான் பெங்களூருவில் பிறந்தவர். அவர் பின்னர்க் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். அங்கே முன்களத்தில் ஆடிய ஐவரை மக்கள் ‘பஞ்ச பாண்டவர்’ என்றே அழைத்தனர். ஐவரும் தென்னாட்டிலிருந்து சென்றவர்கள். அவர்களுள் ஒருவர் அகமது கான். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குளிரிலும் ஈரத்திலும் ஆடிய இந்திய அணி, யூகோஸ்லாவியாவிடம் 1–10 எனப் படுதோல்வி அடைந்தது. இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவரும் அகமது கானே. அத்தோல்விக்குப் பின்னரே இந்திய வீரர்கள் காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

மாநிலங்களுக்கு இடையே நடைபெறும் தேசியக் காற்பந்துப் போட்டிக்குச் சந்தோஷ் கோப்பை என்று பெயர். மைசூர் மாநில அணி 1946–47, 1952–53, 1967–68, 1968–69 ஆகிய நான்கு பருவங்களில் இக்கோப்பையை வென்றது. மைசூர் மாநிலம் 1973 நவம்பர் 1 அன்று கர்நாடகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

பெலேயின் சிலை நிற்கும் தெரு

ஜோகுபாளையத்தை அடுத்த கௌதமபுரத்தில் ஒரு நாற்சந்தி உள்ளது. அங்கே புத்தர், அண்ணல் அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு நான்காவதாக ஒரு சிலையும் நிற்கிறது. காற்பந்தைக் கையில் ஏந்திய அச்சிலை பிரேசில் நாட்டின் பெலேயினுடையது. உலகக்கோப்பைப் போட்டி நடைபெறும் காலங்களில் இத்தெருக்களில் பிரேசிலின் பச்சை மஞ்சள் கொடிகள் பறக்கும். இப்பகுதியைக் ‘குட்டி பிரேசில்’ என்றே செய்தித்தாள்கள் எழுதுகின்றன. 2022 டிசம்பர் 29 அன்று பெலே மறைந்தபோது, இவ்வூர் மக்கள் அச்சிலைக்கு மாலையிட்டு அஞ்சலி செலுத்தினர்.

பன்னாயிரம் கல் தொலைவுக்கு அப்பால் பிறந்த ஓர் ஆட்டக்காரருக்கு இங்கே ஏன் சிலை? பெலே வறிய குடும்பத்தில் பிறந்தவர். பந்து வாங்கப் பணமின்றி, பழைய காலுறையில் கந்தல் துணியைத் திணித்து உதைத்துப் பழகியவர். பின்னர் 1958, 1962, 1970 ஆகிய மூன்று உலகக்கோப்பைகளை வென்ற அணிகளில் இடம்பெற்றார். வெறுங்காலுடன் தெருவில் பழகி உயர்ந்த அவரிடம் கௌதமபுரத்து மக்கள் தங்களையே கண்டனர். சமத்துவத்தை வலியுறுத்தியவர்களின் அருகில் அவரையும் நிறுத்தியதில் ஒரு பொருள் உண்டு. திடலுக்குள் இறங்கியவரிடம் யாரும் அவர் எந்தத் தெரு, எந்தக் குலம் என்று கேட்பதில்லை. பந்து அவர் காலில் நிற்கிறதா என்பதையே பார்ப்பர்.

இப்பகுதியின் திடலில் ஆடி வளர்ந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் துரைசாமி அருமைநாயகம். இடப்புற முன்கள ஆட்டக்காரரான இவர், கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்துக்காக ஆடிப் புகழ்பெற்றார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தென்கொரியாவை 2–1 என வென்று தங்கப்பதக்கம் பெற்றது. அந்த இந்திய அணியில் அருமைநாயகமும் இடம்பெற்றிருந்தார். பெங்களூருவின் மற்றொரு வீரரான மரியப்பா கெம்பையா, 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் ஆடியவர். கல்கத்தாவின் பெருங்கழகங்கள் புதிய ஆட்டக்காரர்களைத் தேடிப் பெங்களூருவுக்கு வந்த காலம் அது.

கழகம் என்னும் கூட்டு முயற்சி

புகழ்பெற்றவர் ஒருவர் உருவாக, புகழ்பெறாத பலர் உழைக்க வேண்டும். அவ்வுழைப்பின் வடிவமே ஊர்க் காற்பந்துக் கழகம். மக்கள் இதனைக் ‘கிளப்’ என்பர். இத்தகைய கழகங்கள் தொழில்முறை சாராதவை. அதாவது, ஆடுபவர்க்கு ஊதியம் கிடையாது. மாறாக, ஆடுபவரே கைப்பணம் போட்டு ஆடுவார்.

ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர். கடைக்காரரிடமும் வேலைக்குச் செல்லும் அண்ணன்மாரிடமும் திரட்டும் சந்தா. ஒரே நிறத்தில் சட்டைகள். ஒன்றோ இரண்டோ பந்துகள். கழகத்தின் சொத்து இவ்வளவே. பழைய தோல்பந்தின் உள்ளே இரப்பர்ப் பை இருக்கும். அதில் காற்றடைத்து, வாயை நாடாவால் இறுகக் கட்ட வேண்டும். மழையில் நனைந்தால் பந்து கனத்துவிடும். தலையால் முட்டுபவரின் நெற்றி வலிக்கும். ஆகவே பந்தை உலர்த்தி, தோலுக்கு எண்ணெய் பூசி வைப்பதும் ஒரு பணியாக இருந்தது.

போட்டிக்கு முன்னாள் திடலைப் பண்படுத்துவதும் ஆட்டக்காரர்களின் வேலையே. கற்களைப் பொறுக்குவர், பள்ளங்களில் மண் நிரப்புவர், சுண்ணாம்புத் தூளால் கோடிடுவர், கோல் கம்பங்களை நட்டு வலை கட்டுவர். ஆட்டம் முடிந்ததும் வலையைச் சுருட்டி, யாரேனும் ஒருவர் வீட்டில் பத்திரப்படுத்துவர். இவ்வேலைகளைச் செய்தவர் பெயர்கள் எந்தக் கோப்பையிலும் பொறிக்கப்படுவதில்லை. ஆனால் அவர்கள் இல்லையேல் ஆட்டமே இல்லை.

பெங்களூருவில் மாவட்ட அளவிலான போட்டிகள் படிநிலைகளாக நடைபெறுகின்றன. ‘சி’ பிரிவில் தொடங்கும் சிறு கழகம் வென்றால் ‘பி’ பிரிவுக்கும், பின்னர் ‘ஏ’ பிரிவுக்கும், அதன்பின் சூப்பர் டிவிஷனுக்கும் உயரலாம். இப்படிநிலை, தெருமுனைத் திடலையும் நகரின் பெரிய அரங்கத்தையும் இணைக்கும் ஏணியாகும்.

அந்த ஏணியில் ஏறியவர்க்குப் பதக்கத்தினும் பெரிய பயன் ஒன்று கிடைத்தது. 1940-இல் தொடங்கிய எச்.ஏ.எல்., 1948-இல் தொடங்கிய ஐ.டி.ஐ. முதலிய ஆலைகள் தமக்கெனக் காற்பந்து அணிகளை வைத்திருந்தன. நன்றாக ஆடும் இளைஞர்க்கு அவை வேலை அளித்தன. பகலில் ஆலைப் பணி, மாலையில் பயிற்சி, மாத முடிவில் நிலையான சம்பளம். கூலி வேலை செய்தவரின் மகன் நிரந்தரப் பணியாளர் ஆவதற்குக் காற்பந்து ஒரு வழியாக அமைந்தது. ‘விளையாட்டு சோறு போடுமா?’ என்று கேட்ட பெற்றோர்க்கு இவ்வேலைகளே விடையாக இருந்தன. பின்னாளில் ஆலைகள் இத்தகைய வேலைவாய்ப்பைக் குறைத்துக்கொண்டபோது, அந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது.

ஹாலம் காட்டும் வழி

சிற்றூர்க் கழகம் ஒன்று எவ்வளவு காலம் நிலைக்க முடியும்? இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரை ஒட்டிய ஹாலம் கழகம் இதற்கு விடை தருகிறது. 1860-இல் தொடங்கப்பட்ட அக்கழகம் அன்று முதல் சாண்டிகேட் என்னும் திடலிலேயே ஆடி வருகிறது. உலகின் மிகப் பழைமையான காற்பந்துத் திடல் என்று கின்னஸ் நூல் அதனைக் குறிப்பிடுகிறது. 1860 டிசம்பர் 26 அன்று ஷெஃபீல்டு கழகமும் ஹாலம் கழகமும் அங்கே மோதின. இரு வேறு கழகங்களுக்கு இடையே நடந்த முதல் காற்பந்துப் போட்டியாக அது கருதப்படுகிறது. ஷெஃபீல்டு 2–0 என வென்றது.

1867-இல் யூடன் கோப்பையை ஹாலம் வென்றது. அக்கோப்பை பின்னர் எங்கோ காணாமற்போய், நெடுங்காலம் கழித்து 1997-இல் பழம்பொருள் வணிகர் ஒருவரிடமிருந்து மீட்கப்பட்டது. கோப்பை தொலைந்தபோதும் கழகம் வாழ்ந்தது. ஏனெனில் திடல் தொலையவில்லை. ஹாலம் இன்றும் பெருங்கழகம் அன்று. கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடும் சிறு கழகமே. ஆனால் 160 ஆண்டுகளுக்கும் மேலாக அதே மண்ணில் பந்து உருள்கிறது.

திடலின் அளவும் விலையும்

பன்னாட்டு விதிப்படி காற்பந்து ஆடுகளத்தின் நீளம் 90 முதல் 120 மீட்டர் வரையிலும், அகலம் 45 முதல் 90 மீட்டர் வரையிலும் இருக்கலாம். 100 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் உடைய திடல் ஒன்றைக் கொள்வோம். அதன் பரப்பு 6,000 சதுர மீட்டர். ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். பெங்களூருவில் ‘முப்பதுக்கு நாற்பது’ என்று வழங்கும் வீட்டுமனையின் பரப்பு 1,200 சதுர அடி; அதாவது, ஏறத்தாழ 111 சதுர மீட்டர். சாலைக்கு இடம் விடாமல் கணக்கிட்டால், ஒரு திடலில் 50-க்கும் மேற்பட்ட மனைகள் அடங்கும். நிலத்தின் விலை ஏறஏற, வெற்றுத் திடலைக் காண்பவரின் கண்ணில் பந்து தெரிவதில்லை, மனைகளே தெரிகின்றன.

திடல் ஒரே நாளில் மறைவதில்லை. முதலில் ஓரத்தில் வண்டிகள் நிற்கும். பின்னர்க் கட்டட இடிபாடுகள் கொட்டப்படும். ஒரு மூலையில் சிறு அறை எழும். ஒருநாள் வேலியும் பூட்டும் வந்துவிடும். கழகத்தின் பெயர்ப்பலகை மட்டும் எங்கேனும் ஒரு சுவரில் எஞ்சியிருக்கும்.

நகரத்தில் பெரிய அரங்கங்கள் உள்ளனவே, அவை போதாவா என்று கேட்கலாம். பெங்களூருவின் அரங்கங்கள் சில ஏரிகளின்மேல் எழுந்தவை. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் அமைந்தது. ஷூலே ஏரி காற்பந்து அரங்கமாயிற்று. அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி அரங்கமாயிற்று. நகரம் தன் நீர்நிலைகளை விலையாகக் கொடுத்து இவ்வரங்கங்களைப் பெற்றது. இவை போட்டிகளுக்கு இன்றியமையாதவை. 2013-இல் தொடங்கப்பட்ட பெங்களூரு எஃப்.சி. என்னும் தொழில்முறைக் கழகம், தன் முதற்பருவத்திலேயே ஐ-லீக் பட்டத்தை வென்றது அந்தக் காற்பந்து அரங்கத்தில் ஆடித்தான். ஆனால் அரங்கத்திற்கு வாயிற்கதவும் காவலரும் நுழைவுச்சீட்டும் உண்டு. பள்ளி விட்டு வரும் பத்து வயதுச் சிறுமி, பையை ஓரத்தில் வைத்துவிட்டு அங்கே இறங்கி ஆட முடியாது. அவளுக்கு வேண்டியது, வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள திறந்த திடல்.

அத்திடலைக் காக்கச் சட்டம் துணைநிற்கிறது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பேணுவதற்காகக் கர்நாடக அரசு 1985-இல் தனிச்சட்டம் இயற்றியது. பெங்களூருவின் சதாசிவநகர்ப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை மருத்துவமனை கட்டத் தனியாருக்கு அளித்தபோது, அங்கு வாழ்ந்தோர் வழக்குத் தொடுத்தனர். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. மருத்துவமனை நல்லதுதான், ஆயினும் பூங்காவின் இடத்தைப் பறித்து அதனை அமைத்தல் முறையன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். பொதுஇடத்தைக் காக்கக் குரல்கொடுக்கும் உரிமை அப்பகுதியில் வாழும் மக்களுக்கு உண்டு என்பதும் அதனால் உறுதியாயிற்று.

எனினும், சட்டம் தானாக எழுந்து வந்து திடலைக் காக்காது. நாள்தோறும் ஆடப்படும் திடலே பாதுகாப்பான திடல். யாரும் இறங்காத திடலை யாரும் காக்க வரமாட்டார்கள். கற்களைப் பொறுக்கிக் கோடிட்டு வலை கட்டிய கழகத்தார், தாம் அறியாமலேயே அந்நிலத்தின் காவலராகவும் இருந்தனர். கழகத்திற்குத் திடல் வாழ்வு தந்தது. திடலுக்குக் கழகம் காவல் நின்றது.

மண்ணின் உரிமை

1968–69-ஆம் பருவத்திற்குப் பின் சந்தோஷ் கோப்பை நெடுங்காலம் இம்மாநிலத்திற்கு வரவில்லை. 2023 மார்ச் 4 அன்று, சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடந்த இறுதிப்போட்டியில் கர்நாடகம் மேகாலயாவை 3–2 என வென்றது. 54 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அவ்வெற்றி, கர்நாடகம் என்னும் பெயரில் பெற்ற முதல் வெற்றியுமாகும். இரண்டு தலைமுறைகள் கோப்பையைக் காணாதபோதும், தெருமுனைத் திடல்களில் மாலை ஆட்டம் நின்றுவிடவில்லை.

இத்திடல்களில் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளும் ஒரே ஆட்டத்தில் ஒலிக்கும். ‘பாஸ் கொடுடா’ என்று ஒருவன் தமிழில் கேட்பான். மற்றொருவன் கன்னடத்தில் விடை சொல்லிக்கொண்டே பந்தைத் தள்ளுவான். மொழி தெரியாத புதுச்சிறுவன் ஒருவன் ஊருக்கு வந்தால், அவன் முதலில் நண்பரைப் பெறும் இடமும் அத்திடலே. அவன் தந்தைக்கு அவ்வூரில் பட்டாவோ பத்திரமோ இல்லாதிருக்கலாம். ஆனால் பொதுத்திடலில் அனைவருக்கும் உள்ள பங்கு அவனுக்கும் உண்டு. அதனைப் பெற அவன் செய்ய வேண்டியது இரண்டே: ஆட வேண்டும், ஆடும் இடத்தைப் பேண வேண்டும். பாசறையின் ஓரத்தில் வந்து குடியேறிய மக்கள் இவ்விரண்டையும் செய்தனர். அதனாலேயே அவர்கள் வந்தேறிகளாக நில்லாமல், அம்மண்ணின் பெயரை உலகறியச் செய்தவர்களாயினர்.

சொற்பொருள்

பாசறை – படை தங்கும் இடம்
தண்ட உதை – விதிமீறலுக்காக எதிரணிக்கு அளிக்கப்படும் நேர் உதை
நாற்சந்தி – நான்கு தெருக்கள் கூடும் இடம்
பருவம் – இங்கு, போட்டிகள் நடைபெறும் ஆண்டுச் சுற்று
சந்தா – உறுப்பினர் அளிக்கும் பணம்
பட்டா – நில உரிமைச் சான்று

இலக்கணம் அறிவோம்

காற்பந்து = கால் + பந்து. நிலைமொழி ஈற்று லகர மெய், வருமொழி முதலில் வல்லினம் வந்ததால் றகரமாகத் திரிந்தது.
வெறுங்கால் = வெறுமை + கால். ‘மை’ ஈறு கெட்டு, ககரத்திற்கு இனமான ஙகரம் மிக்கது. இது பண்புத்தொகை.
ஆடுகளம் – வினைத்தொகை.
ஏரிக்கரை – ஆறாம் வேற்றுமைத்தொகை.
யாரும் இறங்காத திடல் – ‘இறங்காத’ என்பது எதிர்மறைப் பெயரெச்சம்.

பேச்சுவழக்கும் எழுத்துவழக்கும்

கிரவுண்ட் – திடல்
கிளப் – கழகம்
ரெஃப்ரி – நடுவர்
கோல் கீப்பர் – இலக்குக் காவலர்
ஃபார்வர்டு – முன்கள ஆட்டக்காரர்
பெனால்டி – தண்ட உதை
டோர்னமென்ட் – போட்டித்தொடர்

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ரோவர்ஸ் கோப்பையைப் பெங்களூரு முஸ்லிம்ஸ் கழகம் முதன்முதலில் வென்ற ஆண்டு
(1) 1891 (2) 1911 (3) 1937 (4) 1948

2. 1952 ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராகக் கோல் அடித்த இந்தியர்
(1) அருமைநாயகம் (2) அகமது கான் (3) கெம்பையா (4) இராமன்

3. கண்டீரவா விளையாட்டரங்கம் அமைந்துள்ள இடத்தில் முன்பு இருந்தது
(1) அலசூர் ஏரி (2) சம்பங்கி ஏரி (3) ஷூலே ஏரி (4) அக்கித்திம்மனஹள்ளி ஏரி

ஆ. பிரித்து எழுதுக.
காற்பந்து, வெறுங்கால், செம்மண், பெயர்ப்பலகை

இ. குறுவினா

1. காற்பந்து எளிய குடும்பங்களிடையே விரைந்து பரவியது ஏன்?
2. சாரங்கபாணி இராமன் அடித்த கோலின் சிறப்பு யாது?
3. தொழில்முறை சாராத கழகம் என்றால் என்ன?

ஈ. சிறுவினா

1. கௌதமபுரத்தில் பெலேக்குச் சிலை வைத்ததன் காரணத்தை விளக்குக.
2. திடல் சிறிது சிறிதாக மறையும் விதத்தை உம் சொற்களில் எழுதுக.
3. ‘கோப்பை தொலைந்தபோதும் கழகம் வாழ்ந்தது.’ இத்தொடரின் பொருளை ஹாலம் கழகத்தின் வரலாற்றோடு பொருத்தி விளக்குக.

உ. நெடுவினா

‘கழகத்திற்குத் திடல் வாழ்வு தந்தது, திடலுக்குக் கழகம் காவல் நின்றது.’ பாடப்பகுதிச் சான்றுகளுடன் கட்டுரை வரைக.

ஊ. கணக்கிட்டு எழுதுக

உம் பள்ளித் திடலின் நீளத்தையும் அகலத்தையும் காலடிகளால் அளந்து, அதன் பரப்பைத் தோராயமாகக் கணக்கிடுக. அதில் முப்பதுக்கு நாற்பது மனைகள் எத்தனை அடங்கும்? விடையை ஐந்து தொடர்களில் எழுதுக.

எ. இரு பக்கமும் பேசுக

‘எங்கள் பகுதித் திடலின் ஒரு பாதியில் சமுதாயக்கூடம் கட்டலாம்’ என்று சிலர் கூறுகின்றனர். திருமணம் நடத்த இடமில்லாத குடும்பங்களுக்கு அது உதவும். ஆனால் மீதிப் பாதியில் காற்பந்து ஆட இயலாது. வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து உரையாடுக. எதிர்க்குழு கூறிய கருத்துகளுள் நீங்கள் ஏற்கும் ஒன்றையும் குறித்துவைக்க.

ஏ. கடிதம் எழுதுக

உம் பகுதித் திடலில் கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டுள்ளன. அவற்றை அகற்றித் தருமாறு மாநகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் எழுதுக.

ஐ. செயல்திட்டம்

உம் தாத்தா, பாட்டி அல்லது அண்டைவீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் சிறுவயதில் விளையாடிய இடம் எது, அவ்விடம் இன்று எவ்வாறு உள்ளது என்று கேட்டறிக. அவர் ஆடிய ஆட்டங்கள், பயன்படுத்திய சொற்கள், திடலைப் பேணியவர்கள் ஆகிய செய்திகளைத் தொகுத்து ஒரு பக்க அளவில் எழுதி, அவ்விடத்தின் வரைபடத்துடன் ஒப்படைக்க.